நிறுத்தம் வரட்டும்

உங்கள் அறையின் ஹீட்டர் உறுமுகிறது. குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம், தொழில் தோஷம். காதுப் பரிசோதனை செய்கிறவளுக்கு ஓர் அறைக்குள் நுழைந்ததும் நாற்காலி, மேஜை எதுவும் முதலில் தட்டுப்படாது, சத்தம்தான். இங்கே வாக்குமூலம் கொடுக்க வருகிறவர்களில் பாதிப் பேர் உங்கள் கேள்வியைச் சரியாகக் காதில் வாங்காமலேயே தலையாட்டிவிட்டுப் போகிறார்கள் என்பது என் கணிப்பு. யாரையாவது கூப்பிட்டு அதன் திருகாணியை முடுக்கச் சொல்லுங்கள்.

விடுமுறை முடிந்து எல்லோரும் கொட்டாவியோடு வேலைக்குத் திரும்பியிருக்கும் வாரத்தில் உங்களைத் தொந்தரவு செய்கிறேன். அதுவும் நீங்கள் முடித்துவிட்ட ஒரு விஷயத்துக்காக. 'படியில் தவறி விழுந்து, குளிரில் மரணம்' என்று எழுதிக் கோப்பை மூடிவிட்டீர்கள். எழுதியதில் பிழை இல்லை. தவறித்தான் விழுந்தாள். குளிரில்தான் செத்தாள். இரண்டுக்கும் நடுவில் ஒரு மத்தியானம் இருந்தது. அதைப் பற்றிச் சொல்லத்தான் வந்தேன்.

என் வேலை எளியது. சத்தம் புகாத பெட்டி அறைக்குள் ஆளை உட்காரவைத்து, காதில் ஹெட்ஃபோனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுப்பேன். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும், கேட்காவிட்டால் சும்மா இருக்க வேண்டும். இதைவிடச் சுலபமான பரீட்சை உலகத்தில் கிடையாது. பெரிய மனிதர்கள் இதிலும் தோற்பார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர், நான் எந்தச் சத்தமும் அனுப்பாத நேரத்திலெல்லாம் கம்பீரமாக அழுத்திக்கொண்டே இருந்தார். பாதிக் கேட்கும் திறன் போய்விட்டது என்று எழுதிக் கொடுத்தேன். மேல்முறையீடு செய்யப்போவதாகச் சொன்னார்.

வீட்டில் என் தம்பி. அவன் நேர்மாறு, நான் அனுப்பாததும் அவனுக்கு உண்மையாகவே கேட்கும். மனச்சிதைவு நோய். கல்லூரி கடைசி வருஷத்தில் வந்தது. ஆரம்பத்தில், பேசுவது யார் என்று தேடுவான். சுவிட்சுப் பலகைகளைக் கழற்றுவான். ஒரு முறை குளியலறைக் குழாயைப் பிரித்து, வீட்டுக்குள் குளம் வெட்டிவிட்டான். மாத்திரை கொஞ்சம் அடக்கியது. மிச்சத்துக்கு நான் ஒரு வழிமுறை வைத்தேன்.

ஏதாவது கேட்டால் அவன் என் முகத்தைப் பார்ப்பான். "அக்கா, கேக்குதா?" நான் 'ஆமாம்' என்றால் அது ஊர்ச் சத்தம். 'இல்லை' என்றால் அவன் சொந்தச் சத்தம், விட்டுவிட வேண்டும். எழுந்து போய்ப் பார்க்கக் கூடாது. போய்ப் பார்ப்பது அதற்குத் தீனி போடுவது. இவ்வளவுதான் முறை. இதைப் பிடித்துக்கொண்டே அவன் நிமிர்ந்தான். படங்களுக்குச் சட்டம் போடும் கடையில் கண்ணாடி அறுக்கிற வேலைக்குப் போனான். கண்ணாடி அறுக்கக் கை நடுங்காத ஆள் வேண்டும். அவன் கை நடுங்கவில்லை.

"உன் காது சர்டிஃபிகேட் வாங்குன காது, அக்கா. என்னுது லோக்கல்" என்பான்.

ஒரு மனிதன் இந்த உலகத்தை நம்புவதா வேண்டாமா என்று முடிவெடுக்க உங்கள் முகத்தைப் பார்க்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. கல்யாணமான எந்தப் பெண்ணையும் யாரும் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. மனநல மருத்துவர் எனக்கு 'முதன்மைப் பராமரிப்பாளர்' என்று பட்டம் கொடுத்திருந்தார். அவருக்கு எதையும் இரண்டு சொல்லுக்குக் குறைவாகச் சொல்ல வராது. நான் கேலி செய்வேன். ஆனால் படிவங்களில் அந்த இடம் வரும்போது கொஞ்சம் பெரிய எழுத்தில்தான் கையெழுத்துப் போடுவேன்.

ஆண்டு முடிகிற விடுமுறையை மகிழ்ச்சிக் காலம் என்கிறார்கள். விற்கிறவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். என் தம்பி மாதிரி ஆட்களுக்கு அது உடைந்த கண்ணாடிமேல் நடக்கிற காலம். கடைக்குக் கடை ஒரே பாட்டு. தெருவெல்லாம் விட்டுவிட்டு எரியும் விளக்குகள். அவை தனக்குத்தான் சைகை காட்டுகின்றன என்று தோன்ற ஆரம்பித்தால் முடிந்தது. மாலை வருவதற்கு முன்பே இருட்டு. தூக்கம் கெடும். வருஷம் முழுக்க எட்டிப் பார்க்காத சொந்தக்காரர்கள் பாசம் பொங்கி, "இப்போ. எப்படி. இருக்கே?" என்று ஒவ்வொரு சொல்லாக உரக்கக் கேட்பார்கள், கோளாறு அவன் காதில்தான் என்பதுபோல. மருத்துவரோ பனிச்சறுக்கு விளையாடப் போய்விடுவார். அவருடைய கிளினிக்குக்கு போன் செய்தால் பதிவு செய்த குரல் ஒன்று பேசும். குரல் கேட்கிறது என்று சொல்லக் கூப்பிடுகிறவனுக்கு ஆளில்லாத குரலைப் பதிலாக வைக்கலாம் என்று யோசித்த மூளையை நான் மெச்சுகிறேன்.

இதைத் தாண்ட எங்களிடம் ஓர் ஏற்பாடு இருந்தது. நான் போட்டது. ஒரே ஒரு விருந்துக்குத்தான் போவோம். கதவுக்குப் பக்கத்தில் உட்காருவோம். அவன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்தால் கிளம்ப வேண்டும் என்று அர்த்தம். உடனே எனக்குத் தலைவலி வந்துவிடும். எங்கள் குடும்பத்தில் என் தலைவலி பிரசித்தம். சமையலறைக்கு நேர்மேலே இருக்கும் பின்பக்க அறையை அவனுக்கு ஒதுக்கி, ஜன்னலில் கனத்த போர்வையை ஆணியடித்து மூடிவிடுவேன், பக்கத்து வீட்டு விளக்கு தெரியாதபடி. மாத்திரை, சாப்பாடு, தூக்கம் எல்லாம் நேரத்துக்கு. விடுமுறை முடிந்ததும் அவனே அந்தப் போர்வையைக் கழற்றி மடித்து என் கையில் கொடுப்பான். பதக்கம் வாங்குவதுபோல் வாங்கிக்கொள்வேன்.

பிறகு பஸ்காரி வந்தாள்.

அவன் கடைக்குப் போகும் பஸ்ஸை ஓட்டுகிறவள். இவன் எப்போதும் அவளுக்குப் பின்னால் ஜன்னலோர இருக்கையில் உட்காருவான். ஒரு நாள் நிறுத்தத்தை அறிவிக்கிற ஒலிபெருக்கி ஒரே பெயரை விடாமல் சொல்லிக்கொண்டிருந்ததாம். இவன் முன்னால் குனிந்து, "இது எனக்கு மட்டும் கேக்குதா, எல்லாருக்குமா?" என்று அவளிடம் கேட்டிருக்கிறான்.

"எல்லாருக்கும்தான், ஜன்னல். மெஷினுக்குத்தான் கிறுக்குப் பிடிச்சிருக்கு. நீ நல்லாத்தான் இருக்கே."

அன்றிலிருந்து அவளுக்கு அவன் பெயர் ஜன்னல். நாங்கள் யோசித்து வைத்த பெயர் ஒன்று இருந்தது. அவளோ அவன் உட்கார்ந்த இடத்தையே பெயராக வைத்தாள். அவன் அதற்குத்தான் வேகமாகத் திரும்பினான். அதைக்கூட விடுங்கள். என் கேள்வியை அவன் இன்னொருத்தியிடம் கேட்டிருக்கிறான். ஓடுகிற பஸ்ஸில். மீதிச் சில்லறை கேட்பதுபோல.

நான் தடுக்கவில்லை. வீட்டுக்குக் கூட்டிவரச் சொன்னதே நான்தான். கனத்த குரல், கனத்த சிரிப்பு. சோபாவில் உட்கார்ந்தால் அதற்கும் பிரேக் இருக்கிறதா என்று காலால் தேடுகிறவள்போல் உட்காருவாள். என்னை 'மேடம்' என்பாள். அக்கா என்று கூப்பிடச் சொல்லி அவன் சொல்லிப் பார்த்தான். "காதையே அளக்கிறவங்க, அவங்களைப் போய் எப்படி?" என்று சிரித்தாள். மரியாதைதான். யாரையும் கிட்டே வராமல் நிறுத்துவதற்கு மரியாதையைப்போல ஒரு சாதனம் உண்டா?

அவளிடம் ஒரு யோசனை இருந்தது. வண்டி ஓடும்போது பயணிகள் ஆளாளுக்கு அவளிடம் பேசுவார்களாம். திட்டமாட்டாள், பதிலும் சொல்லமாட்டாள். "நிறுத்தம் வரட்டும், அப்புறம் பேசலாம்" என்று மட்டும் சொல்வாளாம். நிறுத்தம் வருவதற்குள் முக்கால்வாசிப் பேர் கேட்க வந்ததையே மறந்துவிடுவார்களாம்.

"உன் குரலுங்களும் பயணிங்க மாதிரிதான், ஜன்னல். சண்டை போடாதே. மரியாதையா சொல்லிடு."

சொல்லிப் பார்த்தான். வேலை செய்தது. அதுதான் எரிச்சல். என் 'இல்லை' ஒரு குரலை மறுக்கத்தான் செய்யும். அவளுடைய வாக்கியம் அதை உட்காரவைத்தது. கண்ணாடி அறுத்துக்கொண்டே, யாருமில்லாத பக்கம் திரும்பி, "நிறுத்தம் வரட்டும், அப்புறம் பேசலாம்" என்பான், வேலையைத் தொடருவான். மருத்துவர் இதைக் கேட்டார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார், 'ஒத்திவைப்பு உத்தி' என்று பெயர் சூட்டி ஒரு மாநாட்டில் படம் போட்டு விளக்கிவிட்டு வந்தார். பஸ்ஸைப் பற்றி ஒரு சொல் இல்லை. பஸ்காரி விழுந்து விழுந்து சிரித்தாள். "எடுத்துக்கட்டும் மேடம். பாவம், அவருக்கும் ஒரு நிறுத்தம் வேணும்ல?"

நகைச்சுவை உணர்ச்சியும் இருந்தது அவளுக்கு. அது என் துறை.

இந்த வருஷ விருந்து சித்தப்பா வீட்டில். பஸ்காரியும் வந்திருந்தாள். சித்தப்பா ஓய்வுபெற்ற அதிகாரி. ஓய்வு வேலைக்குத்தான், அதிகாரத்துக்கு இல்லை. சாப்பிட்டு முடிந்ததும் எழுந்து நின்று, கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டு, வழக்கமான உரையைத் தொடங்கினார். "நோயின்னு ஒண்ணும் கிடையாதுப்பா. எல்லாம் மனசு. நான் இந்தக் குளிர்லயும் பச்சைத் தண்ணியிலதான் குளிக்கிறேன். எனக்கு ஏதாவது குரல் கேக்குதா?"

இந்த இடத்தில் தம்பி என் பக்கம் திரும்புவான். "அக்கா, இது நிஜமாவே கேக்குதா?" என்பான். "கேக்குது. ஆனா கேக்க வேண்டியதில்ல" என்பேன் நான். பல வருஷமாக நாங்கள் இருவரும் நடத்திவரும் நாடகம் அது. இந்த முறையும் பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு அவன் பக்கம் சாய்ந்தேன். அவன் அந்தப் பக்கம் திரும்பினான்.

"இது நிஜமா?"

"நிஜம்தான், ஜன்னல். இதுக்குத்தான் மாத்திரை கிடையாது."

மேஜையே குலுங்கியது. சித்திக்குச் சிரித்துப் புரையேறிவிட்டது. சித்தப்பா மட்டும், கீழே விழாத எதையோ மேஜைக்கடியில் தேடினார். நானும் சிரித்தேன், தாடை வலிக்கும் வரை. அந்தப் பதில் என் பதிலைவிட நன்றாக இருந்தது. இதைச் சொல்வதற்கு எனக்கு வெட்கமில்லை. தரம் தெரிந்தவள் நான்.

அன்று அவன் கைக்கடிகாரம் கையிலேயே இருந்தது. நான் அந்த மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி ஆள் கிளம்பும்வரை உட்கார்ந்தான், பாத்திரம் துடைத்தான், குழந்தைகளோடு சீட்டாடினான். எனக்குத்தான் தலைவலி வந்தது. முதல் முறையாக உண்மையான தலைவலி. யாரும் கவனிக்கவில்லை.

வீடு திரும்பும்போது சொன்னான். "லீவு முடிஞ்சதும் அவ வீட்டுக்குப் போயிடலாம்னு இருக்கேன், அக்கா. நீயும் எவ்வளவுதான் பாப்பே? உனக்கும் ரெஸ்ட் வேணும்ல."

"நல்ல சேதிடா" என்றேன். ரெஸ்ட். வேலையை விட்டுத் தூக்குகிறவர்கள் எல்லோரும் உபயோகிக்கிற சொல். சித்தி போன் செய்து, "அப்பாடா, இனிமே நீ உன் வாழ்க்கையைப் பாருடி" என்றாள். பார்த்தேன். பெரிதாக ஒன்றும் தென்படவில்லை.

இப்போது அந்த மத்தியானம்.

விடுமுறையின் கடைசி நாள். பஸ்காரிக்கு மாலை வரை டூட்டி. முடித்துவிட்டு வந்து மூட்டை கட்ட உதவுவதாகப் பேச்சு. தம்பி மாடியில் தன் படங்களைப் பழைய பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தான். நான் கீழே சமையலறையில் தேநீருக்குத் தண்ணீர் வைத்திருந்தேன். வெளியே பனி தூறிக்கொண்டிருந்தது. பின்வாசல் இரும்புப் படியில் தண்ணீர் உறைந்து வழுவழுவென்று கிடந்தது. வழக்கமாக நான் உப்புத் தூவுவேன். அன்று மறந்துவிட்டேன். இதைச் சதி என்று ஒப்புக்கொண்டால் உங்களுக்கு வசதியாக இருக்கும், ஆனால் மறந்தது மறதிதான். நான் செய்யாததை எழுதிக்கொள்ள வேண்டாம்.

அவள் டூட்டியை யாரிடமோ மாற்றிக்கொண்டு முன்னதாகவே வந்துவிட்டாள். அவனை அசத்த வேண்டும் என்று டிப்போவில் சொல்லிவிட்டுக் கிளம்பினாளாம். கை நிறையக் காலி அட்டைப்பெட்டிகள். அதனால் பின்வழியாக வந்திருக்கிறாள்.

இரும்பு அதிர்ந்தது. பெட்டிகள் உருண்டன. பிறகு கனமான ஒன்று தரையில் மோதும் சத்தம். எழுந்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். படிக்கும் மதிலுக்கும் நடுவில், குப்பைத்தொட்டிகளுக்குப் பக்கத்தில் கிடந்தாள். ஒரு கால், போகக் கூடாத பக்கம் போயிருந்தது. கைப்பை தொட்டிகளுக்கு அந்தப் பக்கம் எகிறி விழுந்திருந்தது. யூனிஃபார்ம்மேல் ஒரு மெல்லிய கோட்டுதான் போட்டிருந்தாள்.

என் கை தாழ்ப்பாளுக்குத்தான் போனது. தொட்டுவிட்டேன். அப்போது அவள் கூப்பிட்டாள்.

"ஜன்னல்!"

அவளுக்கும் எனக்கும் நடுவில் ஒரு கதவு. அவளுக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு மாடி, மூடிய ஜன்னல், அதன்மேல் போர்வை. சமையலறையில் விளக்கு எரிகிறது. நான் இருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் அவனைக் கூப்பிட்டாள். 'அக்கா' என்று கூப்பிட்டிருந்தால் நான் திறந்திருப்பேன். மேடம் என்று கூப்பிட்டிருந்தால்கூட. இதை எழுதிக்கொள்ளுங்கள், முக்கியம்.

மாடிப்படியில் காலடி. பாதிப் படியில் நின்று தம்பி எட்டிப் பார்த்தான். முகம் வெளுத்திருந்தது.

"அக்கா, கேக்குதா?"

எத்தனையோ நாளைக்குப் பிறகு அவன் என் முகத்தைப் பார்த்துக் கேட்டான். அந்தப் பழைய பார்வை. முழுசாக என்னிடம் ஒப்படைத்துவிட்ட பார்வை.

"இல்லையேடா" என்றேன்.

அவ்வளவுதான். யோசித்துச் சொன்னதில்லை. ஆனால் சொல்லிவிட்ட பிறகு யோசித்தேன், அதையும் மறைக்கவில்லை. உடனே மாற்றிச் சொன்னால் என்ன ஆகும்? அக்காவின் 'இல்லை'யும் பொய்யாக இருக்கலாம் என்று அவனுக்குத் தெரிந்துவிடும். அப்புறம் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பான்? அவனுடைய உடல்நிலையையும் நான் பார்க்க வேண்டியிருந்தது.

"என்ன சொல்லுது?" என்று கேட்டேன். அப்படிக் கேட்பது முறைதான்.

"கால் உடைஞ்சு போச்சு, வான்னு சொல்லுது. அவ குரல் மாதிரியே இருக்கு."

"அவ டூட்டியில இருக்கா."

"ஆமா. டூட்டியில இருக்கா." தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தான். "எதுக்கும் ஒரு தடவ கூப்பிட்டுப் பாக்கிறேன்."

புத்திசாலி. எந்தப் பட்டமும் இல்லாமல் இதைவிடச் சரியான பரிசோதனையை யாரும் யோசித்திருக்க முடியாது. போனைக் காதில் வைத்தான். வெளியே, தொட்டிகளுக்கு அந்தப் பக்கம், பைக்குள்ளிருந்து மணி அடித்தது. தெளிவாக அடித்தது. அவன் கண்கள் விரிந்தன.

"அக்கா. ரெண்டு பக்கமும் அடிக்குது. போன்லயும் அடிக்குது, வெளியேயும் அடிக்குது."

"ஒரு பக்கம்தான்டா."

"நல்லா கேட்டுச் சொல்லு."

நன்றாகக் கேட்டேன். தலையைச் சாய்த்து, பெட்டி அறையில் நிற்பதுபோல் நின்று கேட்டேன். "போன்ல மட்டும்தான்" என்றேன்.

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பின்வாசல் கதவைப் பார்த்தான். திறந்து பார்க்கத் தடையாக அங்கே ஒன்றுமே இல்லை, அந்தத் தாழ்ப்பாளைத் தவிர. ஆனால் போய்ப் பார்க்கக் கூடாது என்பது எங்கள் முறை. அவன் முறை தவறாதவன். போனை அணைத்துவிட்டு, மெதுவாக மாடிக்குப் போனான்.

அவள் விடவில்லை. அவன் பெயரையே, அதாவது அவள் வைத்த பெயரையே, கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஊருக்குப் போயிருந்தார்கள். விளக்குகளோடு அவர்கள் ஓடவிட்டுப் போன இசைப்பெட்டி ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருந்தது. தெருவில் போகிறவர்கள் காதில் வேறெதுவும் விழுந்திருக்காது. மேலே அவன் போர்வை மூடிய ஜன்னலுக்கு அருகில் போய் நிற்பது தரைப் பலகையின் சத்தத்தில் எனக்குத் தெரிந்தது. தொண்டையைச் செருமினான். மிகுந்த மரியாதையோடு, சத்தமாகச் சொன்னான்:

"நிறுத்தம் வரட்டும், அப்புறம் பேசலாம்."

வெளியே குரல் நின்றது.

அவளுக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். அவன் கேட்கிறான், கேட்டும் வரமாட்டான், ஏன் வரமாட்டான் என்பதெல்லாம். அவள் சொல்லிக்கொடுத்த பாடம்தானே. நான் ஜன்னலுக்குப் பக்கத்தில் போகவில்லை. தேநீரை வடிகட்டினேன். அப்போது வேறொரு மாதிரிக் குரல், சின்னதாக, கதவுக்கு மிக அருகில் வந்ததுபோல் கேட்டது.

"அக்கா."

இதை நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். சொல் தெளிவாக இல்லை. காற்று இருந்தது, பாட்டு இருந்தது. எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு: ஒரே ஒரு முறை வந்ததைக் கணக்கில் எடுக்கமாட்டோம். திரும்பவும் வர வேண்டும். நான் காத்திருந்தேன், வடிகட்டியைக் கையில் பிடித்தபடி, நியாயமான அளவு நேரம். திரும்ப வரவில்லை.

இரண்டு கோப்பைகளையும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். அவனோடு உட்கார்ந்து படங்களைச் சுற்றினேன். நூல் கட்டும்போது முடிச்சில் விரல் வைக்கச் சொன்னான், வைத்தேன். சின்ன வயதுக் கதைகள் பேசினோம். குழாயைப் பிரித்த கதைக்கு இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். எவ்வளவோ நாளாக எனக்கு அப்படி ஒரு மத்தியானம் வாய்க்கவில்லை.

"இன்னிக்கு நல்லா சமாளிச்சேன், இல்ல அக்கா?" என்றான். "ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு. ஆனா போய்ப் பாக்கல. அவ வந்ததும் சொல்லணும்."

"சொல்லு. சந்தோஷப்படுவா" என்றேன்.

இருட்டிய பிறகு, குப்பை கொட்டப் போனவளாக நான் அவளைக் 'கண்டுபிடித்தேன்'. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். பிறகு நீங்கள் வந்தீர்கள். தம்பி உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் கேட்டேன் சார். அவ கூப்பிட்டா. போன் மணி அடிச்சுது" என்றான். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் வருத்தத்தோடு, 'இல்லை' என்பதுபோல் லேசாகத் தலையை அசைத்தேன். பேனாவை மூடிவிட்டீர்கள். அன்று அந்த வீட்டில் நடந்ததை நடந்தபடி சொன்ன ஒரே ஆள் அவன்தான். அவன் சொன்னதில் ஒரு வரிகூட உங்கள் கோப்பில் இல்லை. குத்திக்காட்டவில்லை. படித்தவர்கள் யாரும் அப்படித்தான் செய்திருப்பார்கள்.

அவனும் என்னைச் சந்தேகப்படவில்லை. "அக்காவுக்குக் கேக்கல. அப்போ எனக்கு மட்டும் எப்படிக் கேட்டுச்சு?" என்று அதையே சுற்றிச் சுற்றி வந்தான். சாகும்போது அவள் அவனுக்கு மட்டும் கேட்கும்படி கூப்பிட்டாள் என்று முடிவுக்கு வந்தான். அதன் பிறகு அந்தக் குரல் நிற்கவில்லை. எந்த நிறுத்தத்திலும் இறங்கவில்லை. தூக்கம் போயிற்று, மாத்திரை வேண்டாம் என்றான். பனிச்சறுக்கிலிருந்து கன்னம் சிவந்து திரும்பிய மருத்துவர் அவனை வார்டில் சேர்த்தார். 'துக்கத்தால் தூண்டப்பட்ட பின்னடைவு' என்றார். மூன்று சொல். விஷயம் பெரிது என்று அர்த்தம்.

குற்ற உணர்ச்சி தாங்காமல் வந்திருக்கிறேன் என்று நீங்கள் நினைப்பது முகத்தில் தெரிகிறது. நன்றாகத்தான் தூங்குகிறேன். நேற்று நடந்ததைச் சொன்னால் உங்களுக்குப் புரியும்.

பார்க்கப் போயிருந்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். தாழ்வாரத்தில் எங்கோ ஒரு தள்ளுவண்டியின் சக்கரம் கிறீச்சிட்டது. தம்பி நிமிர்ந்தான். நான் உரிப்பதை நிறுத்தினேன். பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. அவன் என்னைத் தாண்டி, மருந்துத் தட்டோடு நின்ற ஆண் செவிலியரைப் பார்த்தான்.

"அண்ணே, கேக்குதா?"

"ம், வண்டிதான். எண்ணெய் போடணும்" என்றான் அந்த ஆள், திரும்பிக்கூடப் பார்க்காமல். அவனுக்கு வலது காது மந்தம். தலை சாய்க்கிற விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் காதை நம்பி என் தம்பி மறுபடி தலையணையில் சாய்ந்துகொண்டான். நான் கையில் ஆரஞ்சோடு உட்கார்ந்திருந்தேன்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். அன்று அவன் கேட்டதெல்லாம் நிஜம். அவள் கூப்பிட்டது நிஜம், மணி அடித்தது நிஜம். நான் கேட்டேன். பார்த்தேன். 'இல்லை' என்றேன், அவன் கேட்ட ஒவ்வொரு முறையும். படியும் குளிரும் தனியாக அவளைக் கொன்றிருக்காது, கொன்றது நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள்.

இதை நீங்கள் அவனிடம் போய்ச் சொல்லியாக வேண்டும், அது உங்கள் கடமை. சொல்லுங்கள். அக்கா இப்படிச் சொன்னாள் என்று காதில் விழுந்ததும் அவனால் நம்ப முடியாது. இது நிஜமாகவே கேட்டதா என்று அவனுக்குச் சந்தேகம் வரும். எந்தச் செவிலியனுக்கும் இதற்குப் பதில் தெரியாது. என்னிடம்தான் வந்து கேட்டாக வேண்டும். அதனால் ஒரு சின்ன உதவி: என்னை எந்தச் சிறையில் வைப்பீர்கள், பார்வை நேரம் என்ன என்பதை மட்டும் அவனுக்குத் தெளிவாக, கொஞ்சம் உரக்கச் சொல்லிவிடுங்கள்.